எழுதத் தடையுள்ள கோப்பின் முன்னால்

2015 மே 22 அன்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் திருத்தப் பதிப்புகள் வெளிவந்தன. சர்வர் திடீரென்று விழுந்து மறுபடி எழும்போது, தரவுக் கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை வட்டில் உறுதியாகப் பதியவைத்த பிறகே மீட்பைத் தொடங்க வேண்டும் என்ற புதிய ஏற்பாடு அவற்றில் இருந்தது. நியாயமான ஏற்பாடுதான். நினைவகத்தில் தங்கிவிட்டு வட்டுக்குப் போய்ச் சேராத எழுத்து ஏதேனும் மிச்சமிருந்தால், அதன் மேல் செய்யும் மீட்பு நிலைக்காது.

ஆனால் அந்தப் பதிப்பை நிறுவிய சில சர்வர்கள் ஒருமுறை விழுந்த பிறகு எழவே மறுத்தன. தரவில் பழுது இல்லை. வட்டும் நன்றாகவே இருந்தது. வழியை அடைத்து நின்றது ஒரு பாதுகாப்புச் சான்றிதழ்க் கோப்பு. தகவல் தொடர்பை மறைகுறியாக்கப் பயன்படும் சான்றிதழையும் அதன் ரகசியச் சாவியையும் தரவுக் கோப்புறைக்குள்ளேயே வைப்பதோ, வேறிடத்தில் உள்ளவற்றுக்கு அங்கிருந்து ஓர் இணைப்புக் கொடுப்பதோ பல நிறுவல்களில் வழக்கம். டெபியன் லினக்ஸின் பழைய நிறுவல்களில் அப்படித்தான். அந்தக் கோப்பு ரூட் பயனருக்குச் சொந்தம். தரவுத்தளம் அதைப் படிக்கலாம், அதில் எழுதக் கூடாது. கோப்பை வட்டில் பதியவைக்கச் சொல்வதற்கோ, சில இயங்குதளங்களில் அதை எழுதும் உரிமையோடு திறந்தாக வேண்டும். சர்வர் அப்படித் திறக்கப் போனது, அனுமதி கிடைக்கவில்லை, எந்தப் பிழை வந்தாலும் நிறுத்திவிடு என்று எழுதப்பட்டிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு வாரத்துக்குள், ஜூன் 4 அன்று, திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. அனுமதி இல்லை என்ற பிழையை முற்றிலும் விட்டுவிடு; வேறு பிழை என்றால் குறித்துவைத்துவிட்டு மேலே போ. அதற்குப் பிறகு சர்வர்கள் எழுந்தன.

இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஏன் சரி என்று யோசித்தால்தான் விஷயத்தின் ஆழம் தெரியும். சர்வரே எழுத முடியாத கோப்பில் சர்வர் எழுதிய எதுவும் வட்டுக்குப் போகாமல் தேங்கியிருக்க வழியில்லை. அதைப் பதியவைக்காமல் விட்டாலும் நஷ்டம் இல்லை. இதே மன்னிப்பை வேறொரு கட்டத்தில், வேறொரு கோப்புக்குக் கொடுத்திருந்தால் தரவுத்தளம் மெல்ல அழிந்திருக்கும். எழுதத் தடையுள்ள கோப்பு எதிர்ப்பட்டால் மீட்புக் கருவி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. அந்தத் தடையை யார், எதற்காகப் போட்டார்கள், வேலையின் எந்தக் கட்டத்தில் அது கண்ணில் பட்டது என்பவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது.

மீட்பு என்றாலே எழுத வேண்டியிருப்பது ஏன்? பழைய மொத்த வியாபாரக் கடைகளில் அன்றன்றைய கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையில் சிட்டையில் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஆற அமர உட்கார்ந்து பேரேட்டில் பெயர்வாரியாக ஏற்றுவார்கள். தரவுத்தளமும் அப்படியே. மாற்றம் முதலில் பதிவேட்டில் எழுதப்பட்டு வட்டில் பதியும். உண்மையான தரவுக் கோப்புக்கு அது போய்ச் சேருவது பிறகுதான். இடையில் மின்சாரம் போனால் சிட்டையில் இருப்பது பேரேட்டில் இருக்காது. முடியாத கணக்கின் பாதி பேரேட்டில் ஏறியும் இருக்கலாம். மீட்பு என்பது சிட்டையைப் பார்த்துப் பேரேட்டை நேர் செய்வது. ஆகவே பேரேட்டில் எழுதாமல் மீட்பு முடியாது.

இந்த வேலைக்கு இலக்கணம் வகுத்தது ஏரீஸ் என்ற முறை. 1992 மார்ச்சில் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்து 1977இல் பட்டம் பெற்றவர், பிறகு கலிஃபோர்னியாவில் ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். ஏரீஸ் மூன்று நடையாகச் செல்லும்: எங்கே நின்றோம் என்று அறிவது, நடந்ததை எல்லாம் மறுபடி நடத்துவது, முடியாமல் போனவற்றை நீக்குவது. என் பார்வையில் அதன் தனிச்சிறப்பு வேறொன்று. நீக்கும் ஒவ்வொரு செயலையும் அது பதிவேட்டில் எழுதிவைக்கிறது. அதனால் மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் போனாலும் கவலை இல்லை. எத்தனை முறை நின்றாலும் மீண்டும் தொடங்கலாம், முடிவு ஒன்றுதான். பாதியில் நின்ற மீட்பு தொடங்காத மீட்பைவிட மோசமாக இருக்காது என்ற உறுதி அது. எல்லா மீட்புக் கருவிகளிடமும் இந்த உறுதி கிடையாது. எழுதத் தடையுள்ள கோப்பு ஆபத்தாவது அங்கேதான்.

தடைகளின் வகைக்கு வருவோம். லினக்ஸ் இவற்றைத் தனித்தனிப் பிழைகளாகவே சொல்கிறது. ஒன்று, கோப்பின் உரிமையாளர் எழுதும் அனுமதியைத் தரவில்லை. இன்னொன்று, கோப்புக்கு மாறாக்குறி இடப்பட்டிருக்கிறது. அந்தக் குறியை நீக்கும்வரை ரூட் பயனரும் அதைத் தொட முடியாது. மூன்றாவது, கோப்பமைப்பு முழுவதுமே படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது. இந்த மூன்றாவதைப் பார்த்ததும் கருவி மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும். எக்ஸ்டி4 கோப்பமைப்பில், கோளாறு கண்டால் தானாகவே படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறு என்று சொல்லிவைக்க முடியும். பல சர்வர்களில் அப்படிச் சொல்லியும் வைத்திருக்கிறார்கள். அங்கே தடை போட்டது மனிதர் இல்லை, சேதத்தைக் கண்ட கர்னல். அதை மறுபடி எழுதும் நிலைக்கு மாற்றி, அதன் மேல் தரவுத்தள மீட்பை ஓட்டுபவர் சேதத்தை நன்றாகவே பெருக்குவார். முதல் வகையில் உரிமையாளரைக் கேட்க வேண்டும். மூன்றாம் வகையில் வட்டைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் "எழுத முடியவில்லை" என்று ஒரே வரியை அச்சிட்டு நின்றுவிடும் கருவி, பயனரைத் தவறான கதவுக்கு அனுப்புகிறது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி பொதுவாகத் தேவையில்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுத முடிந்தால் போதும். ஆகவே கோப்பைத் திறந்து உள்ளே எழுதும் கருவி தடையில் முட்டி நிற்கும். புதிய கோப்பை எழுதிப் பழைய பெயருக்கு மாற்றும் கருவியோ, தடை இருந்ததே தெரியாமல் அதைக் கடந்து போய்விடும். இரண்டாவது கருவி சாமர்த்தியமானது போலத் தோன்றும். உரிமையாளர் பூட்டிவைத்த கோப்பின் இடத்தில் வேறு உள்ளடக்கமும் வேறு உரிமையாளரும் கொண்ட கோப்பை அது வைத்துவிட்டது. எனக்கு முதல் கருவியே மேல். சத்தமாகத் தோற்பதைச் சரிசெய்யலாம்.

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாக விடை சொன்ன மென்பொருள் எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000இல் உருவாக்கிய இது இன்று அநேகமாக எல்லாத் திறன்பேசிகளிலும் இருக்கிறது. இதன் மரபான முறையில், ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன் அதன் பழைய வடிவம் ஜர்னல் என்ற துணைக்கோப்பில் நகலெடுக்கப்படும். வேலை முடிந்ததும் ஜர்னல் நீக்கப்படும். அடுத்து வருபவர் கண்ணில் ஜர்னல் பட்டால், முந்தையவர் பாதியில் விழுந்துவிட்டார் என்று பொருள். அப்போது பழைய பக்கங்களைத் திருப்பி வைத்த பிறகே மேலே போக வேண்டும்.

வருபவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் இருந்தால்? அவருக்கு வேண்டியது ஒரு வரித் தகவல். எதையும் மாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் பாதி எழுதப்பட்ட கோப்பை அப்படியே படிக்க விட்டால், ஒரு கணக்கில் பணம் கழிந்தும் இன்னொரு கணக்கில் சேராமலும் இருக்கும் காட்சி அவருக்குக் கிடைக்கலாம். எஸ்க்யூலைட் அதற்கு இடம் தருவதில்லை. மீட்க வேண்டியிருக்கிறது, மீட்க எழுதும் உரிமை வேண்டும், அது இல்லை என்று காரணத்தோடு மறுத்துவிடுகிறது. இதற்கென்றே தனிப் பிழைக் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள்: ஜர்னலைத் திருப்ப முடியாதபோது ஒன்று, அதன் மற்றொரு முறையான பதிவேட்டு முறையில் மீட்க முடியாதபோது இன்னொன்று. வெறும் "அனுமதி இல்லை" என்பதற்கும் "இந்தக் கோப்பு மீட்புக்குக் காத்திருக்கிறது, உன்னால் அதைச் செய்ய முடியாது" என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. நள்ளிரவில் ஒரு சர்வரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தூரம் புரியும்.

பதிவேட்டு முறையில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே புதிய பக்கங்கள் பதிவேட்டின் கடைசியில் சேர்ந்துகொண்டே போகும். பதிவேடு வழக்கமாக 1000 பக்கத்தை எட்டும்போது அவை மூலக் கோப்பில் ஏற்றப்படும். எந்தப் பக்கம் பதிவேட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு சுட்டுக் கோப்பும் உண்டு. படிப்பவர்கூட அந்தச் சுட்டுக் கோப்பில் எழுத வேண்டியிருந்ததால், எழுத முடியாத இடத்தில் இருக்கும் தரவுத்தளத்தைப் படிப்பதே நெடுநாள் முடியாமல் இருந்தது. 2018 ஜனவரியில் வந்த 3.22.0 பதிப்புதான் அதை ஓரளவு தளர்த்தியது. குறுவட்டைப் போல உண்மையிலேயே மாறாத ஊடகத்தில் இருக்கும் கோப்புக்கு, "இது மாறவே மாறாது" என்று பயனர் உறுதி சொல்லித் திறக்கும் வழியும் இருக்கிறது. அந்த உறுதியை நம்பி எஸ்க்யூலைட் பூட்டுப் போடுவதில்லை, மாற்றம் நிகழ்ந்ததா என்று சோதிப்பதில்லை, பக்கத்தில் உள்ள பதிவேட்டைப் பொருட்படுத்துவதுமில்லை. உறுதி பொய்யானால் தவறான விடைதான் வரும்.

தடயவியல் நிபுணர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. வாட்ஸ்அப் உரையாடல்கள் கைபேசியில் எஸ்க்யூலைட் கோப்பில்தான் இருக்கின்றன. அழித்த செய்தியின் பழைய பக்கம் பதிவேட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் கோப்பை ஒருவர் எழுதும் உரிமையோடு சாதாரணமாகத் திறந்து பார்த்துவிட்டு மூடினால், கடைசிப் பயனர் வெளியேறுகிறார் என்று கருதி எஸ்க்யூலைட் பதிவேட்டை மூலக் கோப்பில் ஏற்றிவிட்டுப் பதிவேட்டை நீக்கிவிடும். பார்த்ததாலேயே சாட்சியம் போய்விட்டது. மென்பொருளின் கோணத்தில் அது தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. ஆகவேதான் மூலத்துக்கு எழுத்துத் தடுப்பான் போட்டுவிட்டு, மூலக் கோப்பு, பதிவேடு, சுட்டு மூன்றையும் சேர்த்து நகலெடுத்து, நகலின் மேல் வேலை செய்கிறார்கள். பழுதான கோப்புகளுக்காக எஸ்க்யூலைட் 2019 ஜூலையில் சேர்த்த மீட்புக் கட்டளையும் இதே வழியில்தான் போகிறது. பழுதான கோப்பிலிருந்து கிடைத்ததை எல்லாம் கட்டளை வரிகளாக வெளியே எழுதித் தருகிறது. அவற்றைக் கொண்டு புதிய தரவுத்தளம் கட்டிக்கொள்ள வேண்டியது நாம்.

கோப்பமைப்புகளிலும் இதே பிரச்சினை இருப்பதைப் பலர் அறிவதில்லை. எக்ஸ்டி4 வட்டைப் படிக்க மட்டும் என்று சொல்லி இணைத்தாலும், முந்தைய அணைப்பு முறையாக இல்லாவிட்டால் அது தன் ஜர்னலை வட்டில் எழுதியே தீரும். லினக்ஸ் கர்னலின் ஆவணமே இதைச் சொல்லி எச்சரிக்கிறது. ஜர்னலைத் தொடாதே என்று தனியாக ஒரு விருப்பம் கொடுத்தால்தான் எழுதாமல் இருக்கும். வட்டையே வன்பொருள் அளவில் எழுத முடியாதபடி செய்துவிட்டால், எழுத வழியில்லை, தொடர முடியாது என்று எக்ஸ்டி4 இணைய மறுக்கிறது. எஸ்க்யூலைட் எடுத்த அதே முடிவு. ஒருவர் படிக்க மட்டும் என்று கேட்கும்போது, நான் எழுத மாட்டேன் என்கிறாரா, வட்டில் ஒரு பிட்டும் மாறக் கூடாது என்கிறாரா என்பதை மென்பொருள் ஊகிக்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி பொறி தடையைத் தானே போட்டுக்கொள்கிறது. சாதாரண மீட்பு தோற்றால், 1 முதல் 6 வரையிலான கட்டாய மீட்பு நிலைகளில் அதைத் தொடங்கலாம். 4ஐ எட்டியதும் அது படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். கிடைத்ததை வெளியே எடுத்துக்கொள், இதன் மேல் இனி எதையும் கட்டாதே என்பது அதன் பொருள். 4ஐயோ அதற்கு மேற்பட்ட நிலையையோ பயன்படுத்துவதை முதலில் வேறொரு நகலில் சோதித்துப் பார்க்கும்படி கையேடு வற்புறுத்துகிறது.

மறுபடி போஸ்ட்கிரெஸுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பிரச்சினையின் மிகக் கடினமான வடிவம் அங்கே இன்னும் தீராமல் இருக்கிறது. முதன்மை சர்வர் விழுந்து, துணை சர்வர் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு, பழைய முதன்மை எழுந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரின் வரலாறும் ஒரு புள்ளியில் பிரிந்துவிட்டது. பழையதைப் புதியதன் துணையாகச் சேர்க்க வேண்டும். முழுவதையும் அழித்து மறுநகல் எடுக்கலாம். பல டெராபைட் தரவு என்றால் அதற்கு நெடுநேரம் பிடிக்கும். இதற்காக ஹெய்க்கி லின்னகங்காஸ் எழுதிய பிஜி-ரிவைண்ட், 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்போடு போஸ்ட்கிரெஸில் சேர்ந்தது. பிரிந்த புள்ளிக்குப் பிறகு எந்தெந்த 8 கிலோபைட் பக்கங்கள் மாறின என்பதைப் பதிவேட்டிலிருந்து கண்டுபிடித்து, அவற்றை மட்டும் புதிய முதன்மையிலிருந்து கொண்டுவந்து பழையதன் கோப்புகளின் மேலேயே எழுதுகிறது. அட்டவணைத் தரவு அல்லாத கோப்புகளை, அமைப்புக் கோப்புகள் உட்பட, முழுதாக எடுத்துவந்துவிடுகிறது.

சான்றிதழும் சாவியும் இந்தக் கடைசி வகையில் விழுகின்றன. எழுத முடியாத ஒரு கோப்பைக் கண்டதும் பிஜி-ரிவைண்ட் உடனே நின்றுவிடும் என்று கையேடு சொல்கிறது. அதே கையேடு வேறோர் இடத்தில், வேலையின் நடுவே அது தோற்றால் அந்தக் கோப்புறை பெரும்பாலும் மீட்க முடியாத நிலையில் இருக்கும், புதிய நகல் எடுப்பதே நல்லது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனம் கனக்கிறது. தரவோடு சம்பந்தமே இல்லாத, யாரும் மாற்ற நினைக்காத ஒரு சாவிக் கோப்பு, டெராபைட் கணக்கான தரவை மீட்க முடியாததாக ஆக்கிவிடலாம். ஏரீஸ் தந்த உறுதி இங்கே இல்லை. பிறகென்ன, அந்தக் கோப்புகளை முன்கூட்டியே அகற்றிவிட்டு இயக்குங்கள் என்பதுதான் கையேட்டின் பரிந்துரை.

மாற்று வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கருவியே அனுமதியை மாற்றிக்கொண்டு எழுதினால், புதிய முதன்மையின் சாவி பழைய சர்வரில் வந்து உட்காரும். ஒரு சர்வர் இன்னொன்றின் அடையாளத்தோடு பேசத் தொடங்கும். அந்தப் பூட்டு தடுத்துக்கொண்டிருந்தது இதைத்தான். ரூட் உரிமையோடு இயக்கினால் சாதாரண அனுமதித் தடைகள் எதுவும் தெரியாது. நல்லவேளையாக, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ரூட் பயனராக இயங்க பிஜி-ரிவைண்ட் மறுக்கிறது. எழுத முடியாததை எல்லாம் தாண்டிப் போகச் சொல்லலாமா? சான்றிதழுக்கு அது பொருந்தும். தாண்டியது அட்டவணைத் தரவாக இருந்தால், பாதிப் பக்கங்கள் புதிய வரலாற்றையும் பாதி பழையதையும் சொல்லும் தரவுத்தளம் எந்தப் புகாரும் இல்லாமல் எழுந்து நிற்கும். இந்த மௌனத்தைவிடப் பெரிய ஆபத்து தரவுத்தள உலகில் இல்லை.

2018இல் வெளிப்பட்ட இன்னொரு விஷயம் அதற்குச் சாட்சி. வட்டில் பதியவைக்கும்போது பிழை வந்தால், லினக்ஸ் அதை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கத்தையும் எழுதப்பட்டதாகவே குறித்துக்கொள்ளக் கூடும். போஸ்ட்கிரெஸ் மறுபடி முயலும்போது வெற்றி என்றே பதில் வரும். 2019 பிப்ரவரி 14 முதல், அத்தகைய பிழை வந்தாலே சர்வர் தன்னைத்தானே வீழ்த்திக்கொண்டு பதிவேட்டிலிருந்து மீண்டு வருகிறது. அனுமதிப் பிழையைப் பொருட்படுத்தாதே என்று 2015இல் சொன்ன அதே திட்டம், பதியவைக்கும்போது பிழை வந்தால் உடனே விழு என்று 2019இல் சொல்கிறது. இரண்டும் முரண் இல்லை. பிழையின் பின்னால் இருப்பது என்ன என்று கேட்டதால் வந்த இரு விடைகள்.

பிஜி-ரிவைண்டுக்கும் அப்படி ஒரு விடை உண்டு. எந்தெந்தக் கோப்பில் எழுதப் போகிறோம் என்ற பட்டியல் வேலை தொடங்கும் முன்பே அதன் கையில் இருக்கிறது. ஒரு பைட்டையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பட்டியல் முழுவதையும் எழுதத் திறந்து பார்த்து, திறக்காதவற்றைப் பெயரோடும் காரணத்தோடும் சொல்லி நிற்கலாம். அப்போது கோப்புறை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். சோதனை முடிந்து எழுதத் தொடங்கும் இடைவெளியில் யாராவது அனுமதியை மாற்றலாம் என்பது உண்மை; நிறுத்திவைத்த சர்வரில் அது அரிது. இதற்கு ஏற்ற இடமும் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: எதையும் மாற்றாமல் எல்லாவற்றையும் செய்துபார்க்கும் ஒத்திகை விருப்பம். ஆனால் ஒத்திகையில் கோப்பைத் திறக்கும் படியையே அந்த நிரல் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒத்திகை வெற்றி என்று சொன்ன அதே கோப்புறையில் உண்மையான ஓட்டம் அனுமதி இல்லை என்று விழ முடியும்.

இது மாறும்வரை, பழைய முதன்மையைப் பின்னோக்கிச் செலுத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒத்திகை தேறியதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். தரவுத்தளப் பயனராக நுழைந்து, தரவுக் கோப்புறையில் அந்தப் பயனர் எழுத முடியாத கோப்புகள் எவை என்று பட்டியல் எடுங்கள். இணைப்புகள் எங்கே போய் முடிகின்றன என்பதையும் பாருங்கள். சான்றிதழும் சாவியும் அதில் இருந்தால், அவற்றைக் கோப்புறைக்கு வெளியே வைத்துவிட்டு, அமைப்புக் கோப்பில் அந்த இடத்தைக் குறிப்பிடுங்கள். அட்டவணைத் தரவுக் கோப்பு ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால் பிஜி-ரிவைண்டை இயக்காதீர்கள். முதலில் வட்டைச் சோதியுங்கள்.